சுவாஹிலி வாக்கியத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி? தமிழ் வாசகருக்கான முழுமையான இலக்கண வழிகாட்டி

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். படித்தேன் = படி + த் + த் + ஏன். பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பிரித்தால் இரண்டு மதிப்பெண். சுவாஹிலி கற்க அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். தமிழைப் போலவே அதுவும் ஒட்டுநிலை மொழி. ஒரு வினைச்சொல்லுக்குள்ளேயே யார், எப்போது, எதை என்ற மூன்றும் அடங்கிவிடும். ஆனால் வரிசை தலைகீழ். தமிழில் பகுதி முதலில், இடைநிலை நடுவில், 'ஏன்' கடைசியில். சுவாஹிலியில் 'ஏன்' முதலில், இடைநிலை நடுவில், பகுதி கடைசியில். இந்தத் திருப்பம் பிடிபட்டுவிட்டால் பாதி இலக்கணம் முடிந்த மாதிரி.

இங்கே சொல்வது பொதுத் தர சுவாஹிலி. 1930இல் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளுக்காக அமைந்த மொழிக்குழு, சான்சிபாரின் உங்குஜா வட்டார வழக்கை அடிப்படையாக வைத்துத் தரப்படுத்திய வடிவம் இது. தான்சானியா, கென்யா பாடநூல்களிலும் செய்திகளிலும் இதுதான் வரும். நைரோபித் தெருப்பேச்சில் கீழே சொல்லும் இயைபு விதிகள் நிறையவே தளர்ந்திருக்கும். முதலில் தர வடிவத்தைப் பழகுங்கள். தளர்வு தானாகப் புரியும், மறுதிசையில் போவது கடினம்.

முதலில்: இந்தக் கட்டுரையில் சொற்களை வாசிக்கும் முறை

சுவாஹிலி இன்று ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. இங்கே தமிழ் எழுத்தில் தருவதால் சில ஏற்பாடுகள்:

- சொல்லின் முதலில் வரும் க, ட, ப வல்லோசை. நடுவில் இரட்டித்து வந்தாலும் வல்லோசைதான், ஆனால் அழுத்தி இழுக்க வேண்டாம். நடுவில் ஒற்றையாக வந்தால் மெல்லோசை. 'கிட்டாபு' என்பதில் 'ட்டா' வலிது, 'பு' மெலிது.
- கோட்டுக்குப் பின் வரும் எழுத்தும் வல்லோசை. 'ம்-டோட்டொ' என்பதில் 'ம்' தனி அசை. அதை உதடு மூடிச் சொல்லிவிட்டு 'டோ'வை வலிதாகத் தொடங்குங்கள்.
- ச என்றால் 'பச்சை'யில் வரும் ஓசை. ஸ வேறு. 'ஃஸ' என்பது ஸகரத்தைத் தொண்டை அதிரச் சொல்லும் ஓசை, தேனீ ரீங்காரம் மாதிரி.
- 'வி', 'வ்யா' என்பவற்றில் மேற்பல் கீழுதட்டைத் தொடும். மற்ற வகரம் உதடு குவித்துச் சொல்வது.
- சுவாஹிலியில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். அந்த அசையை இங்கே நெடிலாக எழுதியிருக்கிறது. அதனால் ஒரே வேர் ஒரு சொல்லில் நெடிலாகவும் இன்னொன்றில் குறிலாகவும் தெரியும். ஞூம்ப (வீடு), ஞும்பானி (வீட்டில்).

படி 1: வாக்கியத்தின் எலும்புக்கூடு

ஜூம அனஸோம கிட்டாபு.
ஜூமா – படிக்கிறான் – புத்தகம்.

எழுவாய், வினை, செயப்படுபொருள். வினை நடுவில் வருகிறது. தமிழில் 'ஐ' உருபு இருப்பதால் 'புத்தகத்தை ஜூமா படிக்கிறான்' என்று முன்னே பின்னே மாற்றலாம். சுவாஹிலியில் பெயர்ச்சொல்லின் மேல் அப்படி ஓர் உருபு கிடையாது, இடம்தான் வேற்றுமையைக் காட்டுகிறது. தமிழ் பேசுபவர் முதல் சில வாரம் வினையைக் கடைசியில் வைப்பார். அதைத் திருத்த ஒரே வழி, எழுவாயைச் சொன்ன கையோடு வினையைச் சொல்லிவிடுவது. மற்றதெல்லாம் பிறகு.

இடமும் காலமும் வினைக்கும் பொருளுக்கும் பின்னால் வரும்: ஜூம அனஸோம கிட்டாபு ஞும்பானி – ஜூமா வீட்டில் புத்தகம் படிக்கிறான். நேற்று, நாளை போன்றவை வாக்கியத்தின் முதலிலும் வரலாம்.

'ஞும்பானி'யில் இருக்கும் 'னி' நம் 'இல்' போலப் பெயரின் பின்னால் ஒட்டுகிறது. ஆனால் இந்த ஒரே ஒட்டு 'இல்', 'க்கு', 'இலிருந்து' மூன்றுக்கும் பொது. திசையை வினை சொல்லும்:

- நினக்வேண்ட ஸொக்கோனி – சந்தைக்குப் போகிறேன்.
- நினட்டோக்க ஸொக்கோனி – சந்தையிலிருந்து வருகிறேன்.

இரண்டிலும் சந்தை அதே வடிவத்தில் நிற்கிறது. ஊர்ப்பெயரோடு 'னி' சேர்க்கக்கூடாது. 'அனக்காஅ நைரோபி' (நைரோபியில் வசிக்கிறார்) என்று சொன்னால் போதும்.

கேள்விக்கு வரிசையை மாற்றத் தேவையில்லை. தமிழைப் போலவே வினாச்சொல் பதில் வரவேண்டிய இடத்தில் உட்காரும். 'உனஸோம நீனி?' – என்ன படிக்கிறாய்? 'உனக்வேண்ட வாப்பி?' – எங்கே போகிறாய்? ஆம், இல்லை என்ற பதில் வேண்டுமென்றால் குரலை ஏற்றினால் போதும். விரும்பினால் முன்னால் 'ஜெ' சேர்க்கலாம், நம் 'ஆ' வினாவின் வேலை அது.

படி 2: வினையைப் பிரித்தல்

நினஸோம = நி + ந + ஸோம. நான் + நிகழ்காலம் + படி.

முதல் இடம் எழுவாய் முன்னொட்டு: நி (நான்), உ (நீ), அ (அவன், அவள், அவர்), டு (நாம், நாங்கள்), ம் (நீங்கள் பலர்), வ (அவர்கள்). ஆண், பெண் வேறுபாடு கிடையாது. வினையே சொல்லிவிடுவதால் தமிழைப் போலவே 'நான்' என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மரியாதைப் பன்மையைத் தேடாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் பேசும்போது 'நீங்கள்' என்று நினைத்து 'ம்' போட்டால், கேட்பவர் பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார். ஒருவர் என்றால் 'உ' தான். மரியாதை வேறு வழியில் காட்டப்படும்: மூத்தவருக்கு முதலில் 'ஷிக்கமோஒ' என்று வணக்கம் சொல்வது. அவர் 'மரஹாப' என்று ஏற்றுக்கொள்வார்.

இரண்டாம் இடம் காலம்:

- ந – நிகழ்காலம்: நினஸோம, படிக்கிறேன்
- லி – இறந்தகாலம்: நிலிஸோம, படித்தேன்
- ட – எதிர்காலம்: நிட்டஸோம, படிப்பேன்
- மெ – முடிந்து நிற்பது: நிமெஸோம, படித்திருக்கிறேன், படித்துவிட்டேன்

இந்த 'மெ'யில்தான் தமிழருக்கு வசதி. 'அமெக்காஅ' என்றால் உட்கார்ந்திருக்கிறார், 'அமெலால' என்றால் தூங்கிவிட்டார், அதாவது இப்போது தூக்கத்தில் இருக்கிறார். 'நிமெச்சோக்க' என்றால் களைத்திருக்கிறேன். உட்காருதல், நிற்றல், களைத்தல் போன்ற நிலைமாற்ற வினைகளில், இப்போதுள்ள நிலையைச் சொல்ல 'ந' அல்ல, 'மெ' போட வேண்டும். 'அனக்காஅ' என்று சொன்னால் பெரும்பாலும் 'வசிக்கிறார்' என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு விதிவிலக்கை இப்போதே பார்த்துவிடலாம். சில வினைகளின் பகுதி ஒரே அசை: ல (சாப்பிடு), ஜ (வா). 'நி-ந-ல' என்று சொன்னால் அழுத்தம் 'ந' மேல் விழ வேண்டும். ந, லி, ட, மெ நான்கும் அழுத்தத்தைத் தாங்காதவை. அதனால் 'குஸோம' (படித்தல்) என்பதில் வரும் தொழிற்பெயர் முன்னொட்டு 'கு' அங்கேயே தங்கிவிடும்: நினக்கூல – சாப்பிடுகிறேன், அனக்கூஜ – வருகிறார். இடையில் அழுத்தம் தாங்கும் வேறு அசை வந்தால் 'கு' விலகும். இந்தக் காரணம் தெரியாமல் பட்டியலாக மனப்பாடம் செய்பவர்கள்தான் பிறகு எச்சங்களில் குழம்புகிறார்கள்.

படி 3: பெயர்ச்சொல் வகுப்புகள் – மெதுவாகப் போக வேண்டிய இடம்

தமிழில் திணை வினைமுற்றோடு நின்றுவிடுகிறது. 'பெரிய', 'என்' எதுவும் மாறாது. சுவாஹிலியில் பெயரின் வகுப்பு, அதைத் தொடும் ஒவ்வொரு சொல்லின் மேலும் முத்திரை குத்தும். அடைக்கு, 'என்' என்பதற்கு, எண்ணுக்கு, வினைக்கு, எல்லாவற்றிற்கும்.

விதிகளாகப் படிப்பதைவிட ஒரே வாக்கியத்தை எல்லா வகுப்பிலும் ஓட்டிப் பார்ப்பது மேல். 'என் நல்ல ... விழுந்துவிட்டது' என்ற வாக்கியம். பெயரை மட்டும் மாற்றுகிறோம். வரிசையைக் கவனியுங்கள்: பெயர், 'என்', அடை, வினை.

கி–வி வகுப்பு (புத்தகம்):
கிட்டாபு சாங்கு கிஃஸூரி கிமெஅங்கூக்க.
விட்டாபு வ்யாங்கு விஃஸூரி விமெஅங்கூக்க.

ம–வ வகுப்பு (குழந்தை):
ம்-டோட்டொ வாங்கு ம்-ஃஸூரி அமெஅங்கூக்க.
வட்டோட்டொ வாங்கு வஃஸூரி வமெஅங்கூக்க.

ம–மி வகுப்பு (மரம்):
ம்-டி வாங்கு ம்-ஃஸூரி உமெஅங்கூக்க.
மீட்டி யாங்கு மிஃஸூரி இமெஅங்கூக்க.

மகர வகுப்பு, ஒருமையில் பெரும்பாலும் முன்னொட்டு இல்லை (பழம்):
டூண்ட லாங்கு ஃஸூரி லிமெஅங்கூக்க.
மட்டூண்ட யாங்கு மஃஸூரி யமெஅங்கூக்க.

மெல்லின வகுப்பு, ஒருமையும் பன்மையும் ஒன்றே (வீடு):
ஞூம்ப யாங்கு ன்ஃஸூரி இமெஅங்கூக்க.
ஞூம்ப ஃஸாங்கு ன்ஃஸூரி ஃஸிமெஅங்கூக்க.

உகர வகுப்பு (சுவர்):
உக்கூட்ட வாங்கு ம்-ஃஸூரி உமெஅங்கூக்க.
கூட்ட ஃஸாங்கு ன்ஃஸூரி ஃஸிமெஅங்கூக்க.

இந்தப் பன்னிரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் தனி அட்டவணை தேவைப்படாது. இடம் குறிக்கும் வகுப்பும் 'கு' தொழிற்பெயர் வகுப்பும் இன்னும் இருக்கின்றன. அவை பிறகு வரட்டும்.

கி–வி வகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அதில் பெயரிலும் அடையிலும் வினையிலும் அதே அசை கேட்கும், காது சீக்கிரம் பழகும். இந்த வகுப்பு எவ்வளவு உயிரோட்டமானது என்பதற்கு 'கிட்டாபு'வே சாட்சி. அது அரபியிலிருந்து வந்த சொல், அதிலுள்ள 'கி' அரபு வேரின் பாகம். சுவாஹிலி பேசுபவர்கள் அதை முன்னொட்டாக எடுத்துக்கொண்டு 'விட்டாபு' என்று பன்மையும் செய்துவிட்டார்கள்.

வீட்டு வரிகள் இரண்டையும் மறுபடி பாருங்கள். பெயரும் அடையும் மாறவே இல்லை. ஒரு வீடா பல வீடுகளா என்பதை 'யாங்கு/ஃஸாங்கு', 'இ/ஃஸி' இரண்டுதான் சொல்கின்றன. வாசிக்கும்போது பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், பின்னால் வரும் சொற்களைப் பாருங்கள்.

அடிக்கடி தவறு நடக்கும் மூன்று இடங்கள்:

உயிருள்ளவை. தமிழில் மாடும் நாயும் அஃறிணை. சுவாஹிலியில் விலங்கும் மனிதரோடு சேர்த்தி. 'கிபோக்கொ' (நீர்யானை) என்ற சொல் 'கி'யில் தொடங்கினாலும் 'கிபோக்கொ அனக்கூஜ' (நீர்யானை வருகிறது) என்றுதான் வரும், 'கினக்கூஜ' அல்ல. சொல்லின் உருவம் கி–வி, இயைபு ம–வ. இதற்குள்ளும் ஒரு விலக்கு உண்டு: மாம (அம்மா), ரஃபீக்கி (நண்பர்) போன்ற முன்னொட்டில்லாத உறவுச் சொற்களுக்கு 'என்' மட்டும் மெல்லின வகுப்பில் வரும். மாம யாங்கு, ரஃபீக்கி யாங்கு. வினை வழக்கம்போல 'அ'.

எண்கள். ஒன்று முதல் ஐந்து வரையும் எட்டும் வகுப்புக்கு இயையும். ஆறு, ஏழு, ஒன்பது, பத்து மாறாது. ஆறும் ஏழும் ஒன்பதும் அரபியிலிருந்து வந்தவை, முன்னொட்டு ஏற்காது. புத்தகங்களை எண்ணிப் பாருங்கள்: விட்டாபு விவீலி (2), விட்டாட்டு (3), வின்னெ (4), விட்டானொ (5), ஸீட்ட (6), ஸாப (7), வினானெ (8), டீஸ (9), கூமி (10). எண் பெயருக்குப் பின்னால்தான் வரும்.

அரபு வழி அடைகள். ஸாஃபி (சுத்தமான), ரஹீஸி (எளிதான) போன்றவை எந்த வகுப்பிலும் அப்படியே நிற்கும். 'கிஸாஃபி' என்று முன்னொட்டு சேர்த்துவிடாதீர்கள்.

படி 4: 'உடைய' – சங்கிலியைத் திருப்பிப் போடுதல்

குழந்தையின் புத்தகம் = கிட்டாபு ச ம்-டோட்டொ. புத்தகம் முதலில், உடையவர் பின்னால். நடுவில் உள்ள இணைப்பு, முன்னால் நிற்கும் பொருளின் வகுப்பைப் பின்பற்றும், உடையவரின் வகுப்பை அல்ல. கிட்டாபு ச..., விட்டாபு வ்ய..., ஞூம்ப ய..., டூண்ட ல..., வட்டோட்டொ வ... 'சாங்கு', 'யாங்கு', 'லாங்கு' என்பவை இதே இணைப்புகளோடு 'என்' சேர்ந்தவைதான். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது இலவசம்.

நீளமான தொடரில் தமிழின் நேர்எதிர் வரிசை வரும்:

ம்-லாங்கொ வ ஞூம்ப ய ம்வலீமு வ ஷூலெ.
கதவு – வீடு – ஆசிரியர் – பள்ளி.
பள்ளி ஆசிரியரின் வீட்டின் கதவு.

மொழிபெயர்க்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாசித்தால் தமிழ் தானாக அமையும்.

படி 5: இருத்தலும் உடைமையும்

'நான் ஆசிரியர்' என்பதில் தமிழில் வினை இல்லை. சுவாஹிலியில் 'நி' வேண்டும்: மீமி நி ம்வலீமு. மறுக்க 'ஸி': யேயெ ஸி ம்வலீமு, அவர் ஆசிரியர் அல்ல. நம் 'அல்ல', 'இல்லை' வேறுபாடு இங்கும் உண்டு. 'அல்ல' என்பதற்கு ஸி. ஒன்றுமே இல்லை என்பதற்கு ஹக்கூன, உண்டு என்பதற்கு கூன.

ஓர் இடத்தில் இருப்பதைச் சொல்ல 'நி' போடக்கூடாது. எழுவாய் முன்னொட்டோடு 'கொ' சேர்க்க வேண்டும்: கிட்டாபு கீக்கொ மெஃஸானி, புத்தகம் மேசையில் இருக்கிறது. மனிதருக்கு 'அ' போய் 'யு' வரும்: ஜூம யூக்கொ ஞும்பானி. துல்லியமான இடமென்றால் 'கொ'வுக்குப் பதில் 'பொ', உள்ளே என்றால் 'மொ'.

'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பது 'நான் புத்தகத்தோடு' என்று மாறும்: நீன கிட்டாபு. இல்லையென்றால் ஸீன கிட்டாபு. அவரிடம் என்றால் ஆன, ஹான. இறந்தகாலத்தில் 'நிலிக்கூவ ந கிட்டாபு'. அந்த 'ந'வை விட்டுவிட்டால் 'நான் புத்தகமாக இருந்தேன்' என்று பொருள் வரும்.

படி 6: எதிர்மறை

மறுப்பு முன்னால் வருகிறது: ஹ. 'ஹ + நி' மட்டும் 'ஸி' ஆகும், 'ஹ + உ' 'ஹு' ஆகும், 'ஹ + அ' வெறும் 'ஹ' ஆகும்.

நிகழ்காலத்தில் 'ந' விழுந்துவிடும், கடைசி 'அ' 'இ'யாகும்: ஸிஸோமி, ஹுஸோமி, ஹஸோமி, ஹட்டுஸோமி, ஹம்ஸோமி, ஹவஸோமி. அரபு வழி வினைகள் 'அ'வில் முடியாததால் மாறாது. ஃபிக்கீரி (யோசி), ஸிஃபிக்கீரி (யோசிப்பதில்லை).

இறந்தகாலத்தில் 'லி' போய் 'கு' வரும்: ஸிக்குஸோம, படிக்கவில்லை. 'மெ' போய் 'ஜ' வரும்: ஸிஜஸோம, இன்னும் படிக்கவில்லை. எதிர்காலத்தில் மாற்றமே இல்லை: ஸிட்டஸோம, படிக்க மாட்டேன்.

'கு'வும் 'ஜ'வும் ஒன்றல்ல. சாப்பிட்டீர்களா என்று கேட்பவரிடம் 'ஸிஜ' என்று தொடங்கினால் இனிமேல் சாப்பிடுவீர்கள் என்று அர்த்தம், தட்டு வரும். 'ஸிக்கு' என்றால் அந்த வேளை முடிந்தது. தமிழில் 'இன்னும்' என்ற தனிச்சொல் செய்யும் வேலையை இங்கே ஓர் அசை செய்கிறது.

படி 7: 'ஐ' உருபு வினைக்குள் புகுந்த இடம்

நிலிஸோம கிட்டாபு – புத்தகம் படித்தேன்.
நிலிக்கிஸோம கிட்டாபு – புத்தகத்தைப் படித்தேன்.

இரண்டாவதில் காலத்துக்கும் பகுதிக்கும் நடுவே 'கி' நுழைந்திருக்கிறது. அது புத்தகத்தின் வகுப்பு. எப்போது போடுவது என்று பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். தமிழருக்கு ஒரே வரி போதும்: நீங்கள் 'ஐ' போடும் இடத்தில் பெரும்பாலும் போடுங்கள். தெரிந்த, குறிப்பிட்ட பொருளுக்கு வரும். பொதுவாகச் சொல்லும்போது வராது. மனிதருக்குக் கட்டாயம். 'ஜூமா பார்த்தேன்' என்று நாம் சொல்ல மாட்டோம் அல்லவா? அதே காரணத்தால் 'நிலிம்வோன ஜூம' (ஜூமாவைப் பார்த்தேன்) என்பதில் 'ம்' இல்லாமல் விட முடியாது. இவ்வளவு தூரத்து மொழிகள் இரண்டு இந்த ஒரு பழக்கத்தில் ஒத்துப்போவது ஆச்சரியம்தான்.

மனிதருக்குரிய ஒட்டுகள்: நி (என்னை), கு (உன்னை), ம் (அவரை), டு (எங்களை), வ (அவர்களை). ஒரு வினைக்குள் ஒரே ஓர் ஒட்டுக்குத்தான் இடம். கொடுத்தல் போன்ற வினையில் வாங்குபவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார், பொருள் வெளியே நிற்கும்: நிலிம்-ப கிட்டாபு – அவருக்குப் புத்தகம் கொடுத்தேன்.

படி 8: பெயரெச்சம்

படிக்கிற குழந்தை: ம்-டோட்டொ அனயெஸோம. நான் படித்த புத்தகம்: கிட்டாபு நிலிச்சொஸோம. பெயர் முன்னால் வர, எச்சம் பின்னால் வருகிறது. காலத்துக்கு அடுத்து ஓர் எச்ச அசை நுழைகிறது, அதுவும் வகுப்பைப் பொறுத்தது: மனிதர் ஒருமை யெ, பன்மை ஒ, புத்தகத்துக்குச் சொ, புத்தகங்களுக்கு வ்யொ, மரம் ஒ, மரங்கள் யொ, பழம் லொ, பழங்கள் யொ, வீடு யொ, வீடுகள் ஃஸொ. உடைமை இணைப்பின் 'அ'வை 'ஒ' ஆக்கினால் பெரும்பாலும் சரியாக வரும், மனிதர் ஒருமை மட்டும் தனி.

எதிர்காலத்தில் 'ட' என்பது 'டக்க' என்று வளரும்: அட்டக்கயெஸோம, படிக்கப்போகிற. 'மெ' இந்த அசையை உள்ளே ஏற்காது. அப்போது தனிச்சொல் வேண்டும்: ம்-டோட்டொ அம்பாயெ அமெஸோம. சிக்கினால் எந்தக் காலத்திலும் 'அம்பா-' வழியைப் பிடிக்கலாம், பிழையாகாது.

'பொ' என்ற அசை வந்தால் 'போது': அலிப்பொஃபீக்க – அவர் வந்துசேர்ந்தபோது.

படி 9: வினையெச்சத்துக்கு ஈடானவை

'சந்தைக்குப் போய், பழம் வாங்கி, வீடு திரும்பினேன்.' தமிழில் காலமும் எழுவாயைக் காட்டும் விகுதியும் கடைசி வினையில் மட்டும். சுவாஹிலியில் காலம் முதல் வினையில், பின்னால் வருபவை 'க' ஏற்று அதன் நிழலில் நடக்கும்:

நிலிக்வேண்ட ஸொக்கோனி, நிக்கனுனூஅ மட்டூண்ட, நிக்கரூடி ஞும்பானி.

எழுவாய் முன்னொட்டு மட்டும் ஒவ்வொரு வினையிலும் திரும்ப வரவேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் அதை விழுங்கிவிடுவோம்.

'கி' போட்டால் 'ஆல்': ஜூம அக்கீஜ, நிட்டக்வேண்ட – ஜூமா வந்தால் போவேன். 'கி' அழுத்தம் தாங்கும், அதனால் இங்கே 'கு' விலகிவிட்டதைப் பாருங்கள். மறுப்பில் 'ஸிப்பொ': ஜூம அஸிப்பொக்கூஜ, ஸிட்டக்வேண்ட – ஜூமா வராவிட்டால் போக மாட்டேன். அதே 'கி' பார்த்தல், கேட்டல் வினைக்குப் பின் வந்தால் 'கொண்டு': நிலிம்வோன அக்கிஸோம – அவர் படித்துக்கொண்டிருக்கக் கண்டேன்.

வியங்கோளுக்குக் காலம் கிடையாது, கடைசி 'அ' 'எ' ஆகும். நினட்டாக்க குஸோம – எனக்குப் படிக்க வேண்டும். நினட்டாக்க உஸோமெ – நீ படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எழுவாய் ஒன்றென்றால் 'கு', வேறென்றால் 'எ'. தடுக்க 'ஸி' சேர்க்கவும்: உஸிஸோமெ, படிக்காதே. நேர் ஏவலுக்கு வெறும் பகுதி போதும்: ஸோம, பலருக்கு ஸொமேனி. 'வா' போன்ற சில வினைகளுக்குத் தனி வடிவம் உண்டு: ன்ஜோஒ (வா).

படி 10: பகுதியின் வால்

இதுவரை எல்லாம் முன்னால் ஒட்டியது. பிறவினை, செயப்பாட்டுவினை போன்றவை தமிழைப் போலவே பகுதியின் பின்னால் ஒட்டும்.

ஸோம (படி), ஸொமேஷ (படிப்பி, கற்பி), ஸோம்வ (படிக்கப்படு), ஸொமேஅ (ஒருவருக்காகப் படி), ஸொமேக்க (படிக்கக்கூடியதாக இரு). பேண்ட (நேசி) என்பதோடு 'ஆன' சேர்ந்தால் பெண்டான, ஒருவரையொருவர் நேசி.

'வ', 'ஆன' தவிர்த்த வால்களில், பகுதியின் உயிர் எ அல்லது ஒ என்றால் வால் எகரத்தில் வரும், மற்றவற்றில் இகரத்தில். ஸோம – ஸொமேஅ, ஆனால் பீக்க (சமை) – பிக்கீஅ. 'குழந்தைக்கு' என்பதில் உள்ள 'க்கு' இந்த வாலுக்குள் போய்விடுகிறது:

மாம அனம்-பிக்கீஅ ம்-டோட்டொ சக்கூல – அம்மா குழந்தைக்குச் சாப்பாடு சமைக்கிறார்.

'க்கு'வுக்குத் தனிச்சொல் தேடி அலைவது வேண்டாத வேலை, வினையைத் திருத்துங்கள். செயப்பாட்டில் செய்தவர் 'ந' ஏற்று வருவார்: கிட்டாபு கிலிஸோம்வ ந ம்வலீமு.

ஒரே அசை, பல இருக்கை

'ந' ஒன்று நிகழ்காலம், ஒன்று 'ஓடு, உம்', ஒன்று 'ஆல்'. 'நி' நான், என்னை, 'ஆக இருக்கிறது', பின்னால் ஒட்டினால் 'இல்'. 'கி' வகுப்பு, அதை, 'ஆல்'. அசையைப் பார்த்துப் பொருள் சொல்ல முயன்றால் திணறுவீர்கள், அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கிக்கிஅங்கூக்க: முதல் இருக்கையில் உள்ள 'கி' எழுவாய், இரண்டாம் இருக்கையில் உள்ளது நிபந்தனை. 'அது விழுந்தால்'.

படி 11: ஒரு முழு வாக்கியம்

வட்டோட்டொ வலிஒக்கூஜ ஜான ஹவஜக்கிஸோம கிட்டாபு நிலிச்சொவாப்ப.

முதலில் வெறும் பெயர்களைக் குறியுங்கள்: வட்டோட்டொ (குழந்தைகள்), கிட்டாபு (புத்தகம்). ஜான என்றால் நேற்று. மீதி மூன்றும் வினைகள். ஒவ்வொன்றிலும் கடைசியிலிருந்து பகுதியைக் கழற்றுங்கள்.

வ + லி + ஒ + கு + ஜ: அவர்கள், இறந்தகாலம், பெயரெச்சம், தங்கிய 'கு', வா. 'வந்த'.

ஹ + வ + ஜ + கி + ஸோம: மறுப்பு, அவர்கள், 'இன்னும்', அதை, படி. 'அதை இன்னும் படிக்கவில்லை'. முன் சொல்லில் பகுதியாக இருந்த 'ஜ' இங்கே காலத்தின் இருக்கையில் இருக்கிறது.

நி + லி + சொ + வ + ப: நான், இறந்தகாலம், புத்தகத்தைச் சுட்டும் எச்சம், அவர்களுக்கு, கொடு. 'நான் அவர்களுக்குக் கொடுத்த'. 'வ' நடுவில் வந்து அழுத்தத்தைத் தாங்கியதால் இந்த ஓரசைப் பகுதிக்குக் 'கு' தேவைப்படவில்லை.

எச்சம் இல்லாத வினை எதுவோ அதுவே பயனிலை. ஆக: நேற்று வந்த குழந்தைகள், நான் கொடுத்த புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை.

அகராதியில் தேடுவது

வினைகள் பகுதியின் முதலெழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும், 'கு' சேர்த்து அல்ல. 'விமெஅங்கூக்க' என்ற சொல்லை 'அங்கூக்க' என்ற இடத்தில் தேட வேண்டும். பெயர்கள் ஒருமை வடிவில் இருக்கும்: 'வி'யில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் 'கி'யிலும், 'மி'யில் தொடங்குவதை 'ம்' இலும், 'ம'வில் தொடங்குவதை முன்னொட்டை நீக்கியும் தேடுங்கள். வாலுள்ள வினை கிடைக்காவிட்டால் வாலை வெட்டி 'அ' சேர்த்துப் பாருங்கள்: ஸொமேஷ இல்லையென்றால் ஸோம.

புதுப் பெயர்ச்சொல்லைக் குறிப்பேட்டில் தனியாக எழுதாதீர்கள். 'கீட்டி சாங்கு, வீட்டி வ்யாங்கு' (என் நாற்காலி, என் நாற்காலிகள்) என்று 'என்' சேர்த்து ஒருமையும் பன்மையுமாக எழுதினால், வகுப்பு என்ன என்ற கேள்வி பிறகு எழாது.